தமிழ் ஜாஸ் ஆல்பம்: குரலை எப்போது பதிவது?

சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, தானே பாடும் ஒருவர் சிங்கப்பூரில் ஜாஸ் ஆல்பம் பதியக் கிளம்பினால், எந்த மைக், எந்த ஸ்டூடியோ என்றுதான் முதலில் விசாரிப்பார். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது வேறு. பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் வாசிக்கும்போதே குரலும் பதிவாக வேண்டுமா, அல்லது அவர்கள் வாசித்து வைத்துவிட்டுப் போன ட்ராக்கின் மேல் பிறகு பாடிக்கொள்ளலாமா? இதை முடிவு செய்துவிட்டால் அறை, மைக், நாள் கணக்கு, செலவு எல்லாம் அதைத் தொட்டே தீர்ந்துவிடும்.

பேச வசதியாக ஓர் ஆல்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்பது பாட்டு, மொத்தம் 40 நிமிடம். குரலோடு பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ். இரண்டு பாட்டில் மட்டும் சாக்ஸஃபோன். இதைப் பதிய நான்கு வழி இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டூடியோவில் வாசித்துப் பாடுவது ஒன்று. மூவரை முதலில் பதிந்து குரலைப் பிறகு சேர்ப்பது இன்னொன்று. ரசிகர்கள் முன்னால் நிகழ்ச்சியாக நடத்தி அதையே ஆல்பமாக்கலாம். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கியும் ஆல்பம் செய்யலாம். எங்கள் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறோம்: இரண்டு நாள் ஸ்டூடியோவுக்குக் காசு இருந்தால் முதல் வழிதான். இல்லையென்றால் இரண்டாவதைச் சில திருத்தங்களோடு செய்யலாம். மூன்றாவது, இந்தப் பாட்டுகளை மேடையில் பலமுறை பாடிப் பழகிய குழுவுக்கு மட்டும். நான்காவது டெமோவுக்கு நல்லது.

தமிழில் பாடும்போது கூடும் சிக்கல்

ஜாஸ் பாடகர் தாளத்தின் மேல் நேராக உட்காருவதில்லை. வரியைக் கொஞ்சம் தாமதமாக எடுத்து, ‘பார்’ என்னும் தாளச் சுற்று முடிவதற்குள் ஓடிப் பிடிப்பார். பேஸும் டிரம்ஸின் ரைடு சிம்பலும் அசையாமல் நடக்கும். குரல் பின்னால் சாய்ந்து வரும். அந்தச் சாய்வுதான் அழகு. இதில் ஆங்கிலத்துக்கு இருக்கும் சலுகை தமிழுக்கு இல்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசையை வேண்டிய மட்டும் இழுக்கலாம். தமிழில் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். ‘குடை’ என்று எழுதிய இடத்தில் முதல் எழுத்தை இரண்டு பீட் பிடித்துப் பாருங்கள், கேட்பவர் காதில் ‘கூடை’ விழும். ஆகவே ‘கு’வைச் சட்டென்று தொட்டுவிட்டு ‘டை’யில் போய் நிற்க வேண்டும். அப்போது நீளமான சுரம் பீட்டின் மேல் வராமல் அரை பீட் தள்ளி வரும்.

கூடவே வாசிக்கும் பியானோக்காரர் இதைக் காதில் வாங்கியதும் தன் கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) அரை பீட் தள்ளி வைப்பார். சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ட்ராக் முன்பே பதிவாகியிருந்தால் கார்டு பீட்டின் மேல் விழுந்து கிடக்கும். பாடகர் அதற்குப் பணிந்து ‘கு’வை இழுப்பார், அல்லது சரியாகப் பாடிவிட்டு இசையோடு ஒட்டாமல் நிற்பார். ஓவர்டப் செய்த, அதாவது குரலைப் பிறகு சேர்த்த, தமிழ் ஜாஸ் பதிவுகளில் ‘ஏதோ மொழிபெயர்ப்புப் பாட்டு மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கமகம் இன்னொன்று. கர்நாடக இசை கற்றவர் சுரங்களுக்கு நடுவே வழுக்கிச் செல்லும் பழக்கத்தோடு வருவார். ஜாஸ் பியானோக்காரரின் இடது கை பெரும்பாலும் கார்டின் மூன்றாவது, ஏழாவது சுரங்களைப் பிடித்திருக்கும். ஆதார சுரத்தை பேஸிடம் விட்டுவிடுவார். குரல் மூன்றாவது சுரமான காந்தாரத்தை நோக்கி வழுக்கும் அதே கணத்தில் பியானோவின் காந்தாரம் இரும்பு மாதிரி நின்றால் இரண்டும் உரசும். கேட்பவருக்குக் குரல் சுருதி விலகியதாகத் தோன்றும், விலகியிருக்கவே மாட்டாது. தீர்வு எளிது: அந்த இரண்டு பீட்டில் பியானோ மூன்றாவது சுரத்தை விட வேண்டும். ஒரே நேரத்தில் வாசித்தால் இரண்டாவது டேக்கிலேயே, அதாவது இரண்டாவது முறை பதியும்போதே, சரியாகிவிடும். பதிந்து வைத்த பியானோவிலிருந்து ஒரு சுரத்தை மட்டும் பிடுங்குவது சுலபமல்ல.

எந்த வழியானாலும், பதிவுக்கு ஒரு மாதம் முன்பே சுருதியைப் பாட்டுப் பாட்டாக முடிவு செய்துவிடுங்கள். ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகியவர் ஒன்பது பாட்டையும் ஜி ஷார்ப்பிலேயே வைத்துக்கொண்டால் ஆல்பம் ஒரே நிறமாகிவிடும். கச்சேரியில் குரல் அரங்கை எட்ட வேண்டும், அதனால் மேலே வைத்துப் பாடுகிறோம். மைக்குக்கு 15 சென்டிமீட்டர் தள்ளி நின்று பாடும்போது அந்தத் தேவையே இல்லை. மெதுவான பாட்டுகளை மூன்று, நான்கு அரை சுரம் இறக்கிப் பாடிப் பாருங்கள். மிகத் தாழ்ந்த சுரம் மெல்லிய குரலிலும் காற்றாகிவிடாமல் நிற்கிறதா என்பதுதான் சோதனை.

முதல் வழி: எல்லோரும் ஒன்றாக

இதில் எல்லோரும் பயப்படுவது ஒலிக் கசிவுக்கு, அதாவது டிரம்ஸ் சத்தம் குரல் மைக்கில் விழுவதற்கு. பயத்தை எண்ணில் பார்த்தால் தெளிவாகும். வாய் மைக்கிலிருந்து 15 சென்டிமீட்டர், டிரம்ஸ் 3 மீட்டர் என்றால் தூரம் இருபது மடங்கு. எதிரொலி இல்லாத இடத்தில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். இருபது மடங்குக்கு 26 டெசிபல். டிரம்மர் குச்சிக்குப் பதில் பிரஷ் வைத்து வாசித்தால் இந்த இடைவெளி போதும், கசிவு குரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்றாக மட்டும் இருக்கும். ஸ்டிக் எடுத்துவிட்டால் போதாது. அறைச் சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் சேர்ந்து, மெல்லிய வரிகளில் குரலைவிட சிம்பல் முன்னால் நிற்கும். அதை மிக்ஸிங்கில் எடுக்க வழியில்லை. குரலைக் கூட்டினால் சிம்பலும் கூடும்.

இங்குள்ள பல ஸ்டூடியோக்களில் ஒரு பெரிய அறையும் ஒலியைத் தடுக்கும் சின்ன அறையான பூத் ஒன்று அல்லது இரண்டும்தான் இருக்கும். ஒரே பூத் என்றால் அதை டிரம்ஸுக்குக் கொடுக்கச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சின்ன அறையில் ரைடு சிம்பல் மூச்சுத் திணறும், ஜாஸ் பதிவில் அது பாதி உயிர். பூத் பாடகருக்கு. கண்ணாடி வழியாகப் பியானோக்காரரின் கையும் டிரம்மரின் முகமும் தெரிய வேண்டும். தாளமில்லாமல் நீட்டி முடிக்கும் இடங்களில் எல்லோரும் சேர்ந்து இறங்குவது பார்வையில்தான். கேமரா வைத்துத் திரையில் காட்டுகிறோம் என்பார்கள். திரையில் படம் சற்றுத் தாமதமாக வரும், அதை நம்பி கடைசி கார்டு சேர்ந்து விழாது. பிரஷ் மட்டும் வைத்த பாட்டுகளுக்கு பூத்தை விட்டு வெளியே வந்து எல்லோரோடும் ஒரே அறையில் பாடலாம். முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவ மைக் இருந்தால் அதன் பக்கவாட்டை டிரம்ஸ் பார்க்குமாறு திருப்புங்கள். அந்தத் திசையில் அது அநேகமாகச் செவிடு.

மைக்குக்கும் வாய்க்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர். பத்துக்குள் வந்தால் அடிக்குரல் தானாக வீங்கும். ஒரு பாட்டுக்கு அது அழகு, ஒன்பது பாட்டுக்கும் வந்தால் சலிப்பு. தமிழ் ‘ப’ ஆங்கிலத்தைப் போலக் காற்றை ஊதி வராது, அதனால் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் ஒன்று போதும். தொல்லை ‘ச’வில்தான். மைக்கைப் பத்துப் பதினைந்து டிகிரி பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பாதி குறையும். ரெக்கார்டிங் 24 பிட். உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் விடுங்கள். சத்தம் போதவில்லை என்று ஏற்றி வைத்து, கடைசிப் பாட்டின் உச்ச வரியில் உடைந்து போகும் டேக்குகள் எத்தனையோ.

ஹெட்போனில் குரல் தாமதமாகக் கேட்டால் பாடகர் தன்னை அறியாமல் பின்வாங்குவார். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 256 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 5.3 மில்லிவினாடி, போக வர இரட்டிக்கும். 64க்கு இறக்கச் சொல்லுங்கள், அல்லது இன்டர்ஃபேஸிலிருந்து நேரடியாகக் கேட்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். எதிரொலியைக் காதில் மட்டும் கொடுக்கலாம், பதிவில் வேண்டாம்.

க்ளிக், அதாவது ஹெட்போனில் ஓடிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் தட்டு, தேவையில்லை. டேக் தொடங்கும் முன் மெட்ரோனோமில் நான்கு பார் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஆனால் வேகத்தை ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதி வையுங்கள், இது நிமிடத்துக்கு 132 பீட், இது 58 என்று. காரணம் வெட்டி ஒட்டுவது. கசிவு இருக்கும்போது ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்ட முடியாது, பழைய டேக்கின் குரல் பியானோ மைக்கிலும் இருக்கும். ஒட்டுவதென்றால் எல்லா ட்ராக்கையும் சேர்த்து, ஒரு பகுதி முழுவதையும் இன்னொரு டேக்கிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு டேக்கின் வேகமும் இரண்டு மூன்று பீட்டுக்கு மேல் வேறுபட்டால் ஒட்டு காதில் தெரியும். வெட்டும் இடம் ரைடு சிம்பலின் அடி விழுவதற்குச் சற்று முன். அடி விழுந்த பின் வெட்டினால் சிம்பலின் வால் அறுந்து போகும். இதற்காகவே முதல் டேக்குக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மைக்கையோ டிரம்ஸையோ ஒரு விரற்கடைகூட நகர்த்தக் கூடாது.

நாள் கணக்கு: ஒரு பாட்டுக்கு மூன்று டேக், கேட்டுப் பார்க்கும் நேரம் சேர்த்து 40 நிமிடம். முதல் நாள் மைக் வைத்து ஒலி சரிபார்க்க இரண்டரை மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒன்று, ஐந்து பாட்டுக்கு மூன்று மணி இருபது நிமிடம். எட்டு மணி நேர வாடகைக்குள் அடங்கும். இரண்டாம் நாள் நான்கு பாட்டு, சாக்ஸஃபோன் பாட்டுகள் இதில், மீதி நேரம் திரும்பப் பாட. இரவு முழுவதும் மைக்குகளை அப்படியே விட்டுவைக்க ஒப்புக்கொள்ளும் ஸ்டூடியோவாகப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டாம் நாளும் இரண்டரை மணி நேரம் போய்விடும், ஒலியும் மாறிவிடும். கடினமான பாட்டை நாளின் இரண்டாவதாக வையுங்கள். முதலில் குரல் திறந்திருக்காது, நான்காவதில் களைத்திருக்கும்.

ஈரப்பதமும் பியானோவும்

இந்த ஊரில் வெளிக்காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். குளிர்சாதனம் ஓடும் அறையில் அது வெகுவாக இறங்கும். இரவில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் பியானோவின் ஒலிப்பலகை இரவெல்லாம் ஈரம் குடித்து உப்பி, நடு ஸ்தாயி சுரங்கள் ஏறி நிற்கும். பகலில் உலர உலர இறங்கும். காலை பத்து மணிக்குப் பதிந்த டேக்கையும் மாலை நான்கு மணி டேக்கையும் ஒட்டும்போது இது பல்லிளிக்கும். ஸ்டூடியோவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அறையின் குளிர்சாதனம் இரவிலும் ஓடுமா? பதிவு நாள் காலையில் ட்யூனர் வருவாரா, அவர் கட்டணம் வாடகையில் சேருமா? பியானோவின் ‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸிலா 442இலா? சாக்ஸஃபோன்காரருக்கு இந்த மூன்றாவது விடை முன்பே போய்ச் சேர வேண்டும்.

குளிர்சாதனத்தின் இரைச்சல் கேட்கிறது என்று டேக்கின்போது அணைக்கும் ஸ்டூடியோக்களைத் தவிர்ப்பது நல்லது. அறை சூடேறச் சூடேற ட்யூனிங் போகும், டபுள் பேஸ்காரர் ஒவ்வொரு டேக்குக்கும் சுருதி கூட்டுவார். முன்பதிவு செய்யும் முன் போய், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் முழுச் சத்தத்தில் கேட்டுப் பாருங்கள். டபுள் பேஸை வெயிலிலிருந்து நேரே குளிரறைக்குக் கொண்டுவந்து உடனே உறையிலிருந்து எடுக்க வேண்டாம். அரை மணி நேரம் உறைக்குள்ளேயே ஓய்வெடுக்கட்டும். விளிம்பு ஒட்டு விட்டுப் போனால் அன்றைய பதிவு அதோடு முடிந்தது.

இரண்டாவது வழி: குரல் பிறகு

இதன் நன்மை உண்மையானது. பதிவு நாளில் சளி பிடித்திருந்தால் ஆல்பம் நிற்காது. குரலைத் தனியாகத் திருத்தலாம். வாத்தியக்காரர் மூவருக்கும் இரண்டு நாளுக்குப் பதில் ஒரு நாள் சம்பளம். ஆனால் மொத்தத்தில் மலிவு என்பது பெரும்பாலும் கற்பனை. மூவருக்கு ஒரு நாள் ஒன்பது மணி நேரம்; குரலுக்கு மூன்று மணி நேரமாக மூன்று அமர்வு, ஒன்பது; பாட்டுக்குப் பல டேக்கிலிருந்து வரி வரியாகப் பொறுக்கி ஒட்ட இரண்டு மணி நேரம் வீதம் பதினெட்டு. ஆக 36 மணி நேரம். முதல் வழியில் இரண்டு நாளுக்குப் பதினாறு, ஒட்டு வேலைக்குப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் சேர்த்தாலும் 25. வாத்தியக்காரர் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை இன்ஜினியருக்குக் கொடுக்கிறீர்கள்.

இந்த வழிதான் என்றால் ஒரு திருத்தம் அவசியம். மூவரும் வாசிக்கும்போது பாடகர் பூத்தில் நின்று வழிகாட்டிக் குரல் பாட வேண்டும். அதையும் நல்ல மைக்கில், பிறகு பயன்படுத்தப்போகும் அதே தூரத்தில். ‘சும்மா கைடு ட்ராக்தானே’ என்று மலிவான மைக்கைக் கொடுப்பார்கள், அது கூடாது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் மூவரும் வாசித்திருக்கிறார்கள், ஆகவே அதுதான் இசையோடு ஒட்டும். அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸின் முதல் ஆல்பத்தின் கதை இதற்குச் சான்று. டெமோ பதிந்து, வேறொரு தயாரிப்பாளரோடு முழுதாகப் பதிந்து, அது திருப்தி தராமல் தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டினோடு மறுபடியும் பதிந்து 2002இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து 2003 கிராமியில் ஆண்டின் சிறந்த ரெக்கார்டாகத் தேர்வான பாட்டு அடிப்படையில் அந்த முதல் டெமோ டேக்தான்.

சுருதி திருத்தும் மென்பொருளைத் தானியங்கி முறையில் விடாதீர்கள். கமகத்தைப் பிழை என்று நினைத்துப் படிக்கட்டாக்கிவிடும். நீளமாக நிற்கும் சுரங்களை மட்டும் கையால் தொடுங்கள், வழுக்கும் இடங்களை விட்டுவிடுங்கள். மூச்சுச் சத்தத்தை முழுதாக வெட்டுவதும் தவறு. 6 முதல் 8 டெசிபல் குறைத்தால் போதும். மூச்சே இல்லாத ஜாஸ் குரல் அறிவிப்பு மாதிரி இருக்கும்.

பாடகரே பியானோவும் வாசிப்பவராக இருந்தால் இந்த வழியை மறந்துவிடலாம். தனக்குத் தானே வாசித்துக்கொள்ளும்போது கையும் வாயும் சேர்ந்தே சாயும். தனித்தனியாகப் பதிந்தால் இரண்டும் நிமிர்ந்துவிடும். குரல் மைக்கில் பியானோ விழுவதை ஏற்றுக்கொண்டு, பியானோ மூடியைச் சின்னக் கம்பில் நிறுத்தி, கனமான போர்வை போட்டுப் பதிவதுதான் வழி.

மூன்றாவது: அரங்கில்

எஸ்பிளனேடின் ரிசைட்டல் ஸ்டூடியோ 245 இருக்கை. இந்த மாதிரி இசைக்கு அதுவே சரியான அளவு. பெரிய அரங்கில் குரலின் அருகாமை தொலைந்துவிடும். நேரடிப் பதிவில் கிடைக்கும் துணிச்சல் ஸ்டூடியோவில் வராது என்பது உண்மை. ஆனால் அரங்கு ஸ்பீக்கரின் ஒலி எல்லா மைக்கிலும் விழும், பாடகரின் காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் இன்னும் மோசம். அதனால் காதில் மாட்டும் மானிட்டர் வேண்டும். மைக் சமிக்ஞையை ஸ்ப்ளிட்டரில் பிரித்து, அரங்கு மிக்ஸரைத் தொடாமல் தனி ரெக்கார்டருக்கு அனுப்ப வேண்டும். ஒரே பட்டியலை இரண்டு காட்சியாகப் பாடினால்தான் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும். அரங்கு வாடகை ஒப்பந்தத்தில் பதிவுக்கு அனுமதி தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கலை நிகழ்ச்சி உரிமத்தை யார் எடுப்பது, பாட்டுரிமைகளை நிர்வகிக்கும் கம்பாஸ் அமைப்பின் உரிமம் யார் பொறுப்பு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டு உங்களுடையதே என்றாலும், நீங்கள் கம்பாஸ் உறுப்பினரானால் பொது நிகழ்த்து உரிமை அவர்களிடம்தான் இருக்கிறது.

புதிதாக எழுதிய பாட்டுகளுக்கு இது வேண்டாம். பல்லவியை எத்தனை முறை திருப்புவது என்பதே மேடையில் பாடப் பாடத்தான் முடிவாகும்.

நான்காவது: வீட்டில்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எல்லோர் கண்ணும் பாம் ஷெல்டர் என்னும் பதுங்கு அறை மேல்தான் போகும். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, வெளிச்சத்தம் வராது. உள்ளே நின்று பாடிப் பார்த்தால் தெரியும், குரல் டின்னுக்குள் போட்ட மாதிரி இருக்கும். ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாகச் சொன்னால் 1.6, இணைச் சுவர்களுக்கு நடுவே 107 ஹெர்ட்ஸ் அருகில் ஒலி குவிந்து உறுமும். ஆண் குரலின் அடி அங்கேதான் இருக்கிறது. மெல்லிய நுரைத் தாள் ஒட்டினால் மேல் ஒலி மட்டும் செத்து, உறுமல் அப்படியே நிற்கும். அங்கே சுவரை உடைப்பது, மாற்றுவது எதுவும் கூடாது. இதைவிட, துணி நிறைந்த அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி நின்று, மைக்குக்குப் பின்னால் மெத்தையை நிறுத்திய படுக்கையறை எவ்வளவோ மேல்.

நேரம் பார்க்க வேண்டும். சுவர் உடைக்கும் புதுப்பிப்பு வேலை வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரை அனுமதி. சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் இல்லை. ஆகவே சனிக்கிழமை காலை நல்ல நேரம், குயில் விட்டால். விடியலில் கூவத் தொடங்கினால் அது குரலின் அலைவரிசையிலேயே வந்து உட்காரும், வடிகட்ட முடியாது. நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலத்தில் பிற்பகலை நம்ப வேண்டாம்.

ஆனாலும் குரல் மட்டும்தான் வீட்டில் நடக்கும். மென்பொருள் பேஸும் மென்பொருள் பிரஷும் நீங்கள் எப்படிச் சாய்ந்தாலும் திரும்பிப் பார்க்காது. பாட்டின் அமைப்பை முடிவு செய்ய, குழுவுக்கு அனுப்ப, பின்குரல் சேர்க்க இந்த ஏற்பாடு போதுமானது.

காகித வேலை

தேசிய கலைகள் மன்ற மானியம் கேட்பதென்றால் பதிவுக்கு முன்பே விண்ணப்பியுங்கள், முடித்த வேலைக்குப் பணம் எதிர்பார்க்கக் கூடாது. விலைப்பட்டியல் வாங்கும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள்.

ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்பதை வாய்ச்சொல்லில் விடாதீர்கள். 2021 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள பதிப்புரிமைச் சட்டத்தின்படி, காசு கொடுத்துச் செய்யச் சொன்னதாலேயே ஒலிப்பதிவின் உரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படைத்தவர் பக்கம்தான் நிற்கும். ஸ்டூடியோ, தயாரிப்பாளர், வாத்தியக்காரர் எல்லோரிடமும் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து, பதிவுக்கு முன்பே. பியானோக்காரர் முன்னிசையில் சேர்த்த மெட்டு பாட்டின் பாகமாகிவிட்டால் அவருக்கு எத்தனை விழுக்காடு என்பதும் அதே தாளில். முதல் வழியில் இது அடிக்கடி வரும், கூட இருந்து வாசிப்பவர்கள் கூடவே இசையமைக்கவும் செய்கிறார்கள். கம்பாஸில் பாட்டைப் பதிவது, ட்ராக்கை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் வாங்குவது இரண்டும் வெளியீட்டுக்கு முன். ஏப்ரலில் தமிழ் மொழி விழாவை ஒட்டி வெளியிட்டு ஒலி 96.8 வானொலியில் கேட்கச் செய்ய நினைத்தால் முந்தைய நவம்பருக்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும்.

மாஸ்டரிங், தட்டு

ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 லஃப்ஸுக்கு (கேட்கும் சத்தத்தின் அலகு) சத்தத்தைச் சமன் செய்கிறது. அதைவிட உரக்க மாஸ்டர் செய்தால் (வெளியீட்டுக்கு முன் கடைசியாக ஒலியைச் சீராக்குவது) இறக்கிவிடும், நசுக்கியது மட்டும் மிச்சம். இந்த ஆல்பத்துக்கு மைனஸ் 16, 17 போதும். மெல்லிய வரியும் உரத்த வரியும் வித்தியாசமாகவே இருக்கட்டும். கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபியில் இருக்கும் ஹை-ஃபை கடைகளில் ஏதாவது ஒன்றில் உங்கள் மாஸ்டரைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே, சிங்கப்பூர்ப் பாடகி ஜெசிந்தா அபிஷேகநாதன் க்ரூவ் நோட் இசை நிறுவனத்துக்காக 1998இல் பாடிய, சாக்ஸஃபோன் கலைஞர் பென் வெப்ஸ்டர் நினைவு ஆல்பத்தையும் போடச் சொல்லுங்கள். குரல் எவ்வளவு அருகில் நிற்கலாம், அதற்குப் பின்னால் எவ்வளவு இடம் விடலாம் என்பது உடனே விளங்கும்.

வினைல் தட்டு போடுவதானால் 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குள் வைத்தால் ஒலி நன்றாக வரும், 40 நிமிட ஆல்பம் சரியாகப் பொருந்தும். ஊசி நடுவட்டத்தை நெருங்க நெருங்க ‘ச’வும் ‘ஸ்’ஸும் கிழியும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் பிரஷ் வைத்த மெதுவான பாட்டைப் போடுங்கள். சகரம் நிறைந்த வேகப் பாட்டு பக்கத்தின் முதலில். இந்த வரிசையைப் பதிவுக்கு முன்பே எழுதி இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டால், எந்தப் பாட்டுக்கு மைக்கைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.